முதல் ரேலிகிராஸுக்கு எந்தக் கார்?

வாசகர் கேள்வி, 2 ஏப்ரல் 2022

ஒஹாயோவில் இருக்கிறேன், வயது 34. மண்ணில் கூம்புகளுக்கு இடையே நேரம் குறித்து ஓட்டும் ரேலிகிராஸ் போட்டியில் ஓட்டிப் பழக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நான்கு சக்கர இயக்கம் இல்லாத காரோடு போனால் சேற்றில் சிக்கி நிற்பதுதான் மிச்சம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். பழைய சுபாரு இம்ப்ரெஸா ஒன்று 6,500 டாலருக்கு வந்திருக்கிறது. கையில் இருப்பது 2008 டொயோட்டா கொரோலா, ஐந்து கியர், முன்சக்கர இயக்கம். சுபாருவை வாங்கிக்கொண்டு ஆரம்பிப்பதுதானே சரி?

3 ஏப்ரல் 2022, காலை

வாங்காதீர்கள். கொரோலாவையே எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏழு வருடமாக ஓட்டுகிறேன், ஏழு வருடமும் ஒரே கார்: 2006 மாஸ்டா 3, முன்சக்கர இயக்கம். முதல் வருடம் அலுவலகத்துக்குப் போய்வந்த அதே காரில்தான் ஞாயிற்றுக்கிழமை மண்ணிலும் ஓட்டினேன். திங்கட்கிழமை அதிலேயே வேலைக்குப் போனேன். ஒரு நாளும் சிக்கி நிற்கவில்லை.

உங்கள் நண்பர் ஒன்றைக் கவனிக்கவில்லை. எஸ்.சி.சி.ஏ. (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் மன்றம்) நடத்தும் ரேலிகிராஸில் முன்சக்கரக் காருக்குப் போட்டி முன்சக்கரக் கார்தான். பின்சக்கரத்துக்கும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அதற்குள் காரை எவ்வளவு மாற்றியிருக்கிறீர்கள் என்று பார்த்து ஸ்டாக், பிரிப்பேர்டு, மாடிஃபைடு என மூன்று படிகள். சுபாருவை வாங்கினால் நேரே போய்ச் சேருவது நான்கு சக்கரப் பிரிவில். எங்கள் பக்கத்தில் கூட்டமும் அங்கேதான் அதிகம், பத்து வருடம் தேர்ந்த கைகளும் அங்கேதான் அதிகம்.

நான்கு சக்கர இயக்கம் புதியவரின் பிழைகளை மூடி மறைத்துவிடும். வளைவுக்குள் வேகமாகப் புகுந்துவிட்டாலும் ஆக்ஸிலேட்டரை மிதித்து எப்படியோ இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். முன்சக்கரக் கார் அப்படி விடாது. வேகமாகப் புகுந்தால், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகும். பிரேக்கை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிடும்.

தார்த்தரையில் இதே போலக் கூம்புகளுக்கு இடையே ஓட்டும் ஆட்டோகிராஸில் பழகியவர்கள்கூட முதலில் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே உங்கள் ஓட்டங்களில் சிறந்த ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இங்கே அன்று ஓடிய எல்லா ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டுவார்கள். ஒரு ஓட்டம் கெட்டால் அன்று முழுவதும் அதைச் சுமக்க வேண்டும். கூம்பை இடித்தால் ஒரு வினாடி கூடும். ஆகவே முதல் வருடம் 6,500 டாலரால் தீர்க்கக்கூடிய சிக்கல் எதுவும் உங்களுக்கு வரப்போவதில்லை.

3 ஏப்ரல் 2022, இரவு

திருத்தம். கூம்புக்கு இரண்டு வினாடி. ஒரு வினாடி என்று காலையில் எழுதியது தவறு. ஒரு வாயிலை, அதாவது கூம்புகளுக்கு இடையே கடக்க வேண்டிய வழியை, தவறவிட்டால் பத்து வினாடி.

இந்த இரண்டுக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் போட்டுப் பாருங்கள். எட்டு ஓட்டம், ஒவ்வொன்றும் 70 வினாடி, கூம்பு எதையும் தொடவில்லை: 560. இன்னொருவர் ஒவ்வொரு முறையும் 69 வினாடியில் வந்து, நாள் முழுவதும் ஐந்து கூம்புகளை இடித்தால் 562. வேகமாக ஓட்டியவர் பின்னால் நிற்பார். எங்கள் பிரிவில் வயதில் மூத்த ஒருவர் இருக்கிறார். அவர் ஓட்டுவதைப் பார்த்தால் ரேலிகிராஸ் ஓட்டுகிறார் என்றே தோன்றாது. மண் தெறிக்காது, கார் அலைக்கழியாது. மாலையில் பட்டியலைப் பார்த்தால் முதல் மூன்றுக்குள் இருப்பார்.

5 ஏப்ரல் 2022

"நீங்கள் சொல்வது ரேலிகிராஸே அல்ல, ஐந்தாறு கார்கள் உரசிக்கொண்டு ஓடுவதுதான் ரேலிகிராஸ்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் ஒன்று, விளையாட்டு இரண்டு. இதை முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் சொல்வது ஐரோப்பிய ரேலிகிராஸ். பிறந்தது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் லிடன் ஹில் பந்தயத் தடத்தில், 1967 பிப்ரவரி 4 அன்று. தொலைக்காட்சிக்காகவே ஏற்பாடு செய்த பந்தயம் அது. ரேலி என்பது காட்டுக்குள்ளும் மலையிலும் நடப்பது. கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட முடியாது. ரேலி கார்களையே ஒரு சிறிய சுற்றுக்குக் கொண்டுவந்து, பாதி தார், பாதி மண் என்று விட்டால் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம் என்பது யோசனை. போர்ஷே 911 ஓட்டி அன்று வென்றவர் விக் எல்ஃபோர்ட். மறு வருடம் மான்டி கார்லோ ரேலியையும் வென்றவர். சென்ற மாதம்தான் 86 வயதில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான், நான் ஞாயிறுதோறும் செய்துகொண்டிருப்பதன் பெயருக்கு வேர் அவர் அன்று ஓட்டிய சேற்றில் இருக்கிறது என்பது உறைத்தது. அதே 1967 நவம்பரில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவி பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ரேலி ரத்தானது. ரேலி இல்லாத குளிர்காலத்தில் இந்தப் புதிய வடிவத்துக்குக் கவனம் இன்னும் கூடியது.

அங்கிருந்து வளர்ந்து 2014இல் உலக சாம்பியன்ஷிப் ஆனது. முதல் சாம்பியன் நார்வேயின் பீட்டர் சோல்பெர்க். ஸ்வீடனின் யோஹான் கிறிஸ்டோஃபர்சன் 2021 வரை நான்கு முறை வென்றார். சுமார் 600 குதிரைத்திறன் கார்கள். பந்தயத்துக்கு ஒரு முறை கட்டாயமாகச் சுற்றிப் போக வேண்டிய 'ஜோக்கர்' பாதையும் உண்டு. உச்சப் பிரிவு 2022இல் மின்சாரத்துக்கு மாறியது.

அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. மன்றங்கள் நடத்துவது வேறு. வயல், அல்லது மண் மைதானம். ஆரஞ்சுக் கூம்புகள். ஒரு சமயத்தில் ஒரு கார், கடிகாரத்தோடு மட்டுமே போட்டி. பக்கத்தில் யாரும் இடிக்க மாட்டார்கள். அதனால்தான் கொரோலாவில் போகச் சொன்னேன். லிடன் ஹில்லுக்குக் கேட்டிருந்தால் பதிலே வேறு.

9 ஏப்ரல் 2022

அன்றைய நாள் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் நடப்பதைச் சொல்கிறேன்.

காலை ஏழரைக்கு மைதானத்தைத் திறப்பார்கள். முதல் வேலை காரைக் காலி செய்வது. உண்மையிலேயே காலி. இருக்கைக்கு அடியில் உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் இருக்கும் நாணயங்கள், கால் மிதியடி, பின்னால் ஸ்பேர் டயர், ஜாக்கி எல்லாம் வெளியே வர வேண்டும். பாட்டில் ஒன்று உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தார்ப்பாய் கொண்டுபோய் எல்லாவற்றையும் அதன்மேல் குவித்து, அதையே இழுத்து மூடிவிடுங்கள். மழை வரும்.

பிறகு பரிசோதனை. பேட்டரி ஆடக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நட்டுகள் முறுக்கு, சீட் பெல்ட், ஆக்ஸிலேட்டர் மிதித்து விட்டதும் தானாகத் திரும்புகிறதா, ஹெல்மெட். ஹெல்மெட்டில் ஸ்னெல் போன்ற, பந்தயத்துக்கு ஏற்கும் பாதுகாப்புத் தர முத்திரை வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் இங்கே செல்லாது. இரவல் ஹெல்மெட்டுகள் இருக்கும், முதல் நாள் அதுவே போதும்.

அடுத்தது தடத்தை நடந்து பார்ப்பது. ஒரு முறை நடந்தால் கூம்புகள் மட்டுமே கண்ணில் படும். இரண்டாம் முறை வழி தெரியும். மூன்றாம் முறை தரையைப் பார்த்து நடங்கள்: எங்கே ஈரம், எங்கே கல், எங்கே பழைய சக்கரப் பள்ளம். படுத்திருக்கும் கூம்பு திசை காட்டும் கூம்பு. நிற்கும் கூம்பை எந்தப் பக்கமாகக் கடக்க வேண்டும் என்பதை அது சொல்லும்.

ஒரு ஓட்டம் ஒரு நிமிடம், கொஞ்சம் கூடலாம். எட்டு ஓட்டம் கிடைத்தால் நல்ல நாள். அதாவது காலையிலிருந்து மாலை வரை இருந்து, கார் ஓட்டுவது மொத்தம் பத்து நிமிடம். மீதி நேரத்தில் பாதி, மற்றவர்கள் ஓட்டும்போது நீங்கள் வயலில் நின்று விழுந்த கூம்பை நிமிர்த்தி, ரேடியோவில் எண்ணைச் சொல்ல வேண்டும். கையில் சிவப்புக் கொடி இருக்கும். புதியவர்கள் பலர் இதை வேண்டாத வேலையாக எண்ணுகிறார்கள். நான் கற்றதில் பாதி அங்கே நின்று கற்றது. ஒரே வளைவில் இருபது கார்கள் இருபது விதமாக வருவதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்க வேறு எங்கே வாய்ப்பு கிடைக்கும்? யார் பிரேக்கை எப்போது விடுகிறார் என்பது காதிலேயே கேட்கும்.

டயர் காற்றைச் சாலைக்கு வைப்பதைவிட நாலைந்து பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளுங்கள், பிடி கூடும். இடது காலால் பிரேக் பிடிக்க இப்போதிருந்தே பழகுங்கள்.

10 ஏப்ரல் 2022

காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நேரம் குறித்து ஓட்டும் போட்டிகளைப் பெரும்பாலான பத்திரங்கள் விலக்கி வைத்திருக்கும். அங்கே காருக்கு ஏதாவது ஆனால் செலவு உங்களுடையது. அந்தக் காரை இழந்தால் வேலைக்குப் போக வழி இல்லை என்றால், முதலில் ஒரு நாள் கூம்பு நிமிர்த்த மட்டும் வாருங்கள்.

25 ஏப்ரல் 2022

காற்றைக் குறைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று 28 வைத்து ஓட்டினேன். நான்காவது ஓட்டத்தில், இடதுபுறம் திரும்பும் நீண்ட வளைவில் கார் பக்கவாட்டாக வழுக்கி, வலது முன்சக்கரம் பள்ளத்தின் சுவரில் முட்டியது. டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றது. காற்று ஒரே மூச்சில் போய்விட்டது. ஸ்டீயரிங் கையில் செத்துப்போனது போல் ஆனது. இறங்கிப் பார்த்தால் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் ஒரு கைப்பிடிப் புல் செருகியிருந்தது, வேரோடும் மண்ணோடும்.

இத்தனை வருடத்தில் எனக்கு இது முதல் முறை. முன்பெல்லாம் வறண்ட, கெட்டியான மைதானங்களில்தான் ஓட்டினேன். அங்கே குறைந்த காற்று சரிப்பட்டது. உழுத மண் போல இளகிய வயலில், மதியத்துக்குமேல் பள்ளம் விழுந்த பிறகு அது ஆகாது. பக்கத்தில் நிறுத்தியிருந்தவர்களைக் கேட்டேன். எல்லோரும் 36லிருந்து 40 வரை வைத்திருந்தார்கள். நான் யாரையும் கேட்காமல் பழக்கத்தில் இறக்கிவைத்து, அதையே இங்கும் எழுதிவிட்டேன். முதல் நாள் 38 வையுங்கள்.

தடம் ஒரே நாளில் மூன்று தடமாக மாறுவதையும் சொல்ல வேண்டும். காலையில் பனி ஈரம் தோய்ந்த புல், சோப்பு தேய்த்த தரை மாதிரி. பத்து மணிக்குப் புல் உரிந்து மண் தெரியும். அதுதான் நல்ல நேரம், பிடி இருக்கும். இரண்டு மணிக்குப் பள்ளங்கள். பள்ளத்துக்குள் சக்கரத்தை இறக்கினால் அதுவே வளைவைச் சுற்றிக் கொண்டுபோகும், தண்டவாளம் மாதிரி. ஆனால் உள்ளே இறங்குவதும் வெளியே ஏறுவதும் நீங்கள் முடிவுசெய்த இடத்தில் நடக்க வேண்டும். காலையில் மனப்பாடம் செய்த வழியை மதியம் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் வரிசையில் நிற்கும்போது, முன்னால் போகிறவரின் சக்கரங்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள்.

27 ஏப்ரல் 2022

கோவையிலிருந்து ஒருவர், ஊரில் இதை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். கோவைக்காரர் கேட்பதில் வியப்பில்லை. பந்தய வீரர் கரிவர்தன் பந்தயக் கார் கட்டிய ஊர், ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற மன்றங்கள் நடத்தும் மண்தட ஆட்டோகிராஸ்தான் நான் இங்கே விவரிப்பதற்கு மிக அருகில் வருவது. அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட்டுப் போங்கள். யாரோ நாலு பேர் சேர்ந்து காலி மனையில் வைக்கும் போட்டிக்குப் போகாதீர்கள். கொடி பிடிக்க ஆள் இல்லாத இடத்தில், ஆம்புலன்ஸ் இல்லாத இடத்தில் வேகத்துக்கு வேலை இல்லை.

நான் பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். கார் ஓட்டக் கற்றது மாமாவின் மஹிந்திரா ஜீப்பில், நிலக்கடலை பிடுங்கி முடித்த காட்டில். பதினெட்டு வயது முடிந்த வாரம். மாமா எதிர் வரப்பில் ஒரு காலிச் சாக்கை வேலிக்கல்லின் மேல் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மேடு பள்ளத்தைப் பார்க்காதே, சாக்கைப் பார்த்து ஓட்டு" என்றார். நான் முன்னால் கிடந்த ஒவ்வொரு கட்டியையும் பார்த்துப் பார்த்து ஒடித்தேன். ஜீப் பாம்பு போல நெளிந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். அதற்குப் பிறகு ஜீப் நேராகப் போனது.

இருபது வருடம் கழித்து ஒஹாயோ வயலில் பயிற்சியாளர் ஒருவர் ஆங்கிலத்தில் அதையேதான் சொன்னார். தாடையை மட்டும் பிடிக்கவில்லை.

16 மே 2022

கேள்வி கேட்டவர் நேற்று வந்துவிட்டார், கொரோலாவோடு. அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

முதல் நான்கு ஓட்டங்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பகுதியில் பயிற்சிக்கு ஒருவர் உடன் போகலாம். கிளம்பும் முன் அவர் கைகளைப் பார்த்தேன். இரண்டு கட்டை விரல்களும் ஸ்டீயரிங் கம்பிகளுக்குள் கொக்கி போட்டது போல மாட்டியிருந்தன. வெளியே எடுக்கச் சொன்னேன். பள்ளத்தில் சக்கரம் முட்டும்போது ஸ்டீயரிங் சட்டென்று உதறும். விரல் உள்ளே இருந்தால் சுளுக்கிக்கொள்ளும்.

கொடி இறங்கியது. கொரோலா உறுமிக்கொண்டு அதே இடத்தில் இரண்டு நொடி மண்ணைத் தோண்டியது. பிறகு பிடித்துக்கொண்டது. முதல் வாயில் சரி. இரண்டாவது சரி. அடுத்து வரிசையாக ஐந்து கூம்புகள், இடமும் வலமுமாக நெளிந்து போக வேண்டும். அவர் ஒவ்வொரு கூம்பின் அருகிலும் வந்த பிறகுதான் அதைப் பார்க்கிறார். பார்த்த பிறகுதான் திருப்புகிறார். முதல் கூம்பில் ஒரு முழம் பிந்தினார், இரண்டாவதில் இரண்டு முழம், நான்காவது பம்பருக்கு அடியில் போனது. 'டப்' என்று ஒரு சத்தம். அவர் மூச்சு விடவே இல்லை. ஆறாவது வாயிலுக்குள் திரும்பாமல் நேராகப் போய்விட்டோம். 84 வினாடி, இரண்டு கூம்பு, ஒரு வாயில். மொத்தம் 98.

தடத்தின் கோடியில் நிலக்காரரின் சிவப்பு டிராக்டர் நின்றிருந்தது. இரண்டாம் ஓட்டத்துக்கு முன், "கூம்பைப் பார்க்காதீர்கள். அடுத்த வாயிலைப் பாருங்கள். அது தெரியவில்லை என்றால் டிராக்டரைப் பாருங்கள்" என்றேன். ஓடும்போது நான் வேறு எதுவும் சொல்லவில்லை. "டிராக்டர்", "வாயில்", "டிராக்டர்". அவ்வளவுதான். 81, ஒரு கூம்பு.

மூன்றாவதில் அவர் கைகள் அடங்கின. சாலையில் ஓட்டுவது போலத் திருப்பிவிட்டு, கார் திரும்பும்வரை பொறுத்தார். மண்ணில் கார் சொன்னதைக் கேட்க அரை நொடி எடுத்துக்கொள்ளும். அந்த அரை நொடியில்தான் புதியவர்கள் பயந்து இன்னும் ஒடிப்பார்கள். ஒடிக்க ஒடிக்க முன்சக்கரங்கள் மண்ணை வழித்துக்கொண்டு நேராகவே போகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும், எடை முன்னால் சாயும், சக்கரம் கடிக்கும், மூக்கு உள்ளே வரும். நீண்ட வளைவில் அதை அவர் தானாகவே செய்தார், நான் சொல்லாமல். பின்பக்கம் மெதுவாக வெளியே விலகி, கார் முழுவதும் வளைவின் வடிவத்துக்குத் தன்னை வளைத்துக்கொண்டது போல இருந்தது. அவர் "ஆ" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஒரு கணம் வாய்த்துவிட்டவர்கள் திரும்ப வருவார்கள்.

கடைசி ஓட்டம் 76, கூம்பு இல்லை. நான் உள்ளே இல்லை. மூன்றாம் வளைவில் கொடியோடு நின்று பார்த்தேன்.

17 மே 2022

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டீயரிங் நடுங்கியது, ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துவிட்டேன் என எழுதியிருக்கிறார். சொல்ல மறந்தது என் குறை. ரிம்முக்கு உட்புறம் ஒரு பக்கமாகச் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். அறுபது மைல் வேகத்தில் அது சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்து, காரையே உலுக்கும். நெடுஞ்சாலையில் ஏறும் முன் காசு போட்டுக் கழுவும் இடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் உட்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். காருக்கு அடியில் சைலன்சரைச் சுற்றி வைக்கோலும் புல்லும் சேர்ந்திருந்தால் அதையும் பிடுங்கி எறியுங்கள், சூட்டில் பற்றிக்கொள்ளும். ஏர் ஃபில்டரையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

13 ஜூன் 2022

இடது கால் பிரேக். ஏப்ரலில் எழுதியதை இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வருடத்தில் வேண்டாம்.

வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருக்க, இடது காலால் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரக் காரின் மூக்கு அழகாக உள்ளே வரும். தேர்ந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கியர் மாற்றிப் பழகிய இடது காலுக்குத் தெரிந்த ஒரே வேலை கிளட்சை அடிவரை அழுத்துவது. நேற்று புதியவர் ஒருவர் இடது காலால் பிரேக்கைத் தொடப்போய், கிளட்ச் மிதிப்பது போல மிதித்து, வளைவின் நடுவில் அப்படியே சுழன்று நின்றார். பாவம், மூன்று ஓட்டத்திலும் அதே கதை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து எடையை முன்னால் தள்ளுவதே முதல் வருடத்துக்குப் போதுமான ஆயுதம்.

ஏ.பி.எஸ். பற்றியும் கேட்டிருந்தார்கள். இளகிய சரளையில் பூட்டிக்கொண்ட சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏ.பி.எஸ். சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பதால் நிற்கும் தூரம் கூடும். பெடல் காலுக்கடியில் படபடக்கும்போது கார் நிற்பதாகவே தோன்றாது. ஃபியூஸைப் பிடுங்கலாமா என்றால், முதலில் உங்கள் பிரிவின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். அதற்கும் முன்னால், நேர்க்கோட்டில் இன்னும் பத்தடி முன்பே பிரேக் பிடித்துப் பாருங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2 ஜூலை 2022

"ஒன்றுமே வாங்க வேண்டாம் என்று சொன்னவர் பனி டயரில் ஓட்டுகிறார்" என்று ஒரு வாசகர் பிடித்திருக்கிறார். சரியான பிடி. ஒப்புக்கொள்கிறேன்: டயர் வாங்க வேண்டும். ஆனால் முதல் நாளுக்கு அல்ல, மூன்றாவது நான்காவது முறைக்குப் பிறகு.

கோடைச் சாலை டயரின் பள்ளங்கள் ஆழமில்லாதவை; ஈர மண் அடைத்துக்கொண்டால் வழுவழுப்பான உருளை ஆகிவிடும். பனி டயரின் பொத்தான்கள் பிரிந்து நிற்பதால் மண்ணைக் கடிக்கும், சுழலும்போது உதறிவிடும். ஸ்டாக் பிரிவில் பனி டயருக்கு அனுமதி உண்டு, ரேலிக்கென்றே செய்த டயர் கூடாது. என்னுடைய நான்கும் ரிம்மோடு பழையதாக வாங்கியவை, 240 டாலர். வெறும் மண்ணில் வெயிலில் ஓட்டினால் சீக்கிரம் தேயும் என்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிட ஓட்டத்தில் எனக்கு மூன்று பருவம் வந்தன.

ஆக முதல் வருடச் செலவு: ஒவ்வொரு முறைக்கும் நுழைவுக் கட்டணம் எங்கள் பகுதியில் 60 டாலர், உறுப்பினர் சந்தா, ஹெல்மெட், டயர், முறுக்கு அளக்கும் ஸ்பேனர். இவ்வளவும் சேர்ந்தாலும் அந்தச் சுபாருவின் விலையில் கால் பங்குக்குள் அடங்கும்.

19 செப்டம்பர் 2022

இங்கே எழுதும் சிலர் "பயமே இல்லாத விளையாட்டு" என்கிறார்கள். நானும் ஏப்ரலில் அதே தொனியில் எழுதியிருக்கிறேன். நேற்று பார்த்ததற்குப் பிறகு அப்படி விட்டுவிட மனமில்லை.

மாலை நான்கு மணி, கடைசிக்கு முந்தைய ஓட்டம். நான் கொடியோடு நின்ற வளைவில் பள்ளம் முழங்கால் அளவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிறிய ஹேட்ச்பேக் முழுப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. வெளிப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் பள்ளத்தின் சுவரில் ஒன்றாக முட்டின. உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழுந்தன, இடுப்பு உயரத்துக்கு. காரின் அடிவயிற்றைப் பார்த்தேன். சைலன்சரில் தொங்கிய புல் தெரிந்தது. ஓட்டியவர் கார் சாயும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டார். கார் தொப்பென்று நான்கு காலில் விழுந்தது. என் கொடி அதற்குள் மேலே போயிருந்தது. எப்போது தூக்கினேன் என்று நினைவில்லை.

யாருக்கும் அடி இல்லை. நடத்துபவர்கள் போட்டியை நிறுத்தி, கூம்புகளை நகர்த்தி, அந்த வளைவை விட்டு வேறு தரையில் தடத்தை மாற்றிவிட்டுத்தான் தொடர்ந்தார்கள். உயரமான வண்டிகளை ஏன் சேர்க்க மறுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த வளைவுதான் பதில். பள்ளம் ஆழமாகிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றினால் போய்ச் சொல்லுங்கள். புதியவர் ஆயிற்றே, நாம் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். அதைப் பத்தடியிலிருந்து பார்ப்பவர் நீங்கள்தான். நான் மூன்று மணிக்கே கவனித்தேன். இன்னும் ஐந்தாறு கார்தானே என்று விட்டுவிட்டேன். அது என்னை இன்னும் உறுத்துகிறது.

7 நவம்பர் 2022

பருவம் முடிந்தது. கேள்வி கேட்டவர் ஆறு முறை வந்தார். நேற்று எட்டு ஓட்டத்திலும் சேர்த்து ஒரே ஒரு கூம்பு. எங்கள் பிரிவில் ஒன்பது பேரில் நான்காவது. எனக்கும் அவருக்கும் இடையில் மூன்று வினாடிதான் இருந்தது, அதிலும் இரண்டு அந்தக் கூம்பு. மதியம் ஒரு மான் தடத்துக்குள் புகுந்து, மூன்று வாயில்களை வரிசையாகக் கடந்து அடுத்த காட்டுக்குள் போனது. கூம்பு எதையும் தொடவில்லை. வயலில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினோம்.

அந்தச் சுபாரு விற்றுப்போய்விட்டதாம். வருத்தமா என்று கேட்டேன். கொரோலாவின் ஹேண்ட் பிரேக் கேபிளை எப்போது மாற்றலாம் என்று திருப்பிக் கேட்டார்.

பனி விழுந்த பிறகு ஒரு போட்டி வைப்பதாகப் பேச்சு இருக்கிறது. அவர் இன்னும் சாலை டயரில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் இந்த வாரம் புதிய பனி டயர்கள் வாங்கிவிட்டேன். பழைய நான்கில் இரண்டில் பாதிக்குமேல் பொத்தான் மிச்சம் இருக்கிறது, 195/65, 15 அங்குலம். கேள்வி கேட்டவரே, உங்கள் கொரோலாவுக்கும் டயர் அதே அளவு. முன்சக்கரக் காருக்கு நல்ல இரண்டும் முன்னால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பனியில் அது வேண்டாம், பின்பக்கம் சுழற்றிவிடும், நான்கையும் போடுங்கள். கொட்டகையில் எடுத்துவைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போங்கள், பணம் வேண்டாம்.